எண் அதேதான், கேள்வி வேறு

அன்புள்ள கயல்,

போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். சாப்பிடும்போது படி.

"மிசூரியில் கருக்கலைப்பு உரிமைக்கு 2024-லேயே ஓட்டுப் போட்டு ஜெயித்தாகிவிட்டதே, மறுபடியும் என்னம்மா?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஆனால் 2023-இல் ஒஹாயோவில் நடந்த கூத்தை நீ பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கதையைச் சொன்னால் உன் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி 1973-இலிருந்து இருந்த ரோ தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றைக்கே இங்கே ஒஹாயோவில், ஏறக்குறைய ஆறு வாரத்துக்குமேல் கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. ஆறு வாரத்தில் பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே உறைத்திருக்காது. அடுத்த சில நாளில், பலாத்காரத்துக்கு ஆளான பத்து வயதுக் குழந்தையை இண்டியானாவுக்குக் கூட்டிப்போக வேண்டிவந்தது. செப்டம்பரில் சின்சினாட்டி நீதிபதி ஒருவர் அந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தார். தடை உத்தரவு எத்தனை நாள் தாங்கும்? மாநில அரசியல் சட்டத்திலேயே உரிமையை எழுதிவிடலாம் என்று அப்போதுதான் கிளம்பினார்கள். அதற்கு முந்தைய மாதம் கருக்கலைப்பை எதிர்க்கும் ரிபப்ளிகன் கட்சியின் கோட்டையான கேன்சஸிலேயே, உரிமையைப் பறிக்க வந்த திருத்தத்தை 59 சதவீதம் பேர் தோற்கடித்திருந்தது ஒரு தைரியம்.

இங்கே மக்களே கையெழுத்து வாங்கித் திருத்தம் கொண்டுவரலாம். 4 லட்சத்து 13 ஆயிரம் கையெழுத்து வேண்டும், 88 கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 44-இலாவது குறிப்பிட்ட அளவு சேர வேண்டும். நம் லைப்ரரி வாசலில் ஒரு பாட்டி அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். பெயரும் விலாசமும் வாக்காளர் பதிவில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், மாறினால் அடித்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொன்னார். என் பெயரையும் உன் தாத்தா பெயரையும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "உங்கள் பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் கோட்டைத் தாண்டாதீர்கள்" என்றார். கடைசியில் 7 லட்சத்துக்கு மேல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் சட்டசபை என்ன செய்தது தெரியுமா? நவம்பரில் இந்த ஓட்டு வருவதற்குள் ஆகஸ்டில் தனியாக ஒரு தேர்தலை வைத்தது. திருத்தம் நிறைவேறப் பாதிக்கு மேல் போதும் என்ற விதியை 60 சதவீதமாக்க வேண்டும், 88 கவுண்டியிலும் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கேள்வி. ஆகஸ்டில் யாரும் ஓட்டுப் போட வருவதில்லை என்று சொல்லி ஆகஸ்ட் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை ஒழித்துச் சட்டம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதே சட்டசபைதான். அந்தக் கேள்விக்கு இஷ்யூ 1 என்று பெயர்.

நானும் அப்பாவும் முன்கூட்டியே போட்டுவிடலாம் என்று மோர்ஸ் ரோடு ஓட்டு மையத்துக்குப் போனோம். வெயிலில் வரிசை கட்டடத்தைச் சுற்றி நின்றது. யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி வைத்த தேர்தலுக்கு முப்பது லட்சம் பேர் வந்தார்கள். 57 சதவீதம் 'வேண்டாம்'. அப்பா எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும்போது தோசை மாவு வாங்கணுமா என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் நவம்பர் வந்தது. உரிமையைக் கேட்கும் திருத்தம் வந்தது. அதற்கும் இஷ்யூ 1 என்றே பெயர்! ஆகஸ்டில் உரிமையை விரும்புகிறவர்கள் இஷ்யூ 1-க்கு 'வேண்டாம்' போட வேண்டும், நவம்பரில் அதே ஆட்கள் இஷ்யூ 1-க்கு 'சரி' போட வேண்டும். கோயில் அன்னதான வரிசையில் நம் சரோஜா ஆன்ட்டி, "போன தடவை வேண்டாம்னு சொன்னீங்களே, இப்ப ஏன் மாத்திச் சொல்றீங்க?" என்று என்னை மடக்கினார். இன்னொருவர், நமக்கெதற்கு இந்த வம்பு என்று ரசத்தை ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார். வாக்குச்சீட்டில் திருத்தத்தை அப்படியே அச்சிடவும் இல்லை. அதிகாரிகள் எழுதிய சுருக்கம்தான் இருந்தது. திருத்தத்தில் 'கரு' என்று இருந்த இடத்தில் சுருக்கத்தில் 'பிறக்காத குழந்தை'. கருத்தடை, கருத்தரிப்புச் சிகிச்சை, கருச்சிதைவுக்கான வைத்தியம் எல்லாம் திருத்தத்தில் பெயர் சொல்லி எழுதியிருந்ததைச் சீட்டில் தேடினேன். காணவில்லை.

56.8 சதவீதத்தில் ஜெயித்தது. 60 என்ற விதி ஆகஸ்டில் வந்திருந்தால் தோற்றிருக்கும். அடுத்த வருஷம் ஃப்ளோரிடாவில் அதுதான் நடந்தது. 57 சதவீதம் பேர் உரிமை வேண்டும் என்றார்கள், அங்கே 60 வேண்டும், தோல்வி. 2006-இல் அந்த 60 சதவீத விதியைக் கொண்டுவந்த ஓட்டுக்கே 58 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று நீ கேட்டதில்லை. உனக்கு முன்னால் எனக்கு ஒன்று தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். முழுசாகச் சொன்னதில்லை. நாலாவது மாசம், பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தைக்குத் துடிப்பு இருந்தது. எனக்குக் காய்ச்சல் ஏற ஆரம்பித்தது. திருச்சியில் அந்த டாக்டரம்மா தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இனிமேல் காத்திருக்கக் கூடாது, சுத்தம் பண்ணிடலாம்" என்று பாட்டியிடம் சொன்னார். வக்கீலைக் கேட்கவில்லை. இந்தியாவில் 1971-லேயே சட்டம் இருந்தது. அதுவும் டாக்டரின் அபிப்பிராயத்தைப் பற்றித்தான் பேசுகிறது, பெண்ணின் உரிமை என்று எழுதவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்குக் கை நடுங்கவில்லை.

2012-இல் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவர், நம் ஊர்ப் பக்கத்துப் பெண், பல் டாக்டர், 17 வாரத்தில் ஏறக்குறைய இதே நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். துடிப்பு இருக்கிறது என்று காத்திருக்க வைத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவிச் செத்துப்போனார். 2018-இல் அந்த நாட்டு ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சட்டத்தை மாற்றினார்கள், 66 சதவீதம். கருக்கலைப்பு சரியா தப்பா என்று என்னைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லத் தெரியாது. என் காய்ச்சலைப் பற்றி யார் முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சரி, உன் மிசூரிக்கு வருகிறேன். ரோ தீர்ப்பு போன அன்றே முதலில் தடை போட்ட மாநிலம் அதுதான். 2024 நவம்பரில் 51.6 சதவீதத்தில், மயிரிழையில், உரிமையை எழுதிய அமெண்ட்மென்ட் 3 (மூன்றாம் திருத்தம்) ஜெயித்தது. அதற்கப்புறமும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. பழைய விதிமுறைகளை வைத்துக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2025 பிப்ரவரியில் கிளினிக்குகள் ஆரம்பித்தன, மே மாதம் நின்றன, ஜூலையில் மறுபடி ஆரம்பித்தன. நடுவில் சட்டசபை, மக்கள் போட்டதையே ரத்து செய்யப் புதிதாக ஒரு திருத்தத்தை 2026 நவம்பருக்கு அனுப்பிவிட்டது. உயிருக்கு ஆபத்து அல்லது கருவில் கோளாறு என்றால் அனுமதி, பலாத்காரம் என்றால் 12 வாரம் வரை மட்டும் அனுமதி, இவை தவிர மற்றதெல்லாம் தடை. கூடவே 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான பாலின மாற்றச் சிகிச்சைத் தடையையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறார்கள். முதலில் எழுதிய சுருக்கத்தில், 2024-இல் ஜெயித்தது இதனால் போய்விடும் என்ற விஷயமே இல்லை. கோர்ட் தலையிட்டுத்தான் அதைச் சொல்ல வைத்தது.

இதற்கு என்ன எண் தெரியுமா? அதே அமெண்ட்மென்ட் 3. போன தடவை 'சரி' என்றால் உரிமை. இந்தத் தடவை 'சரி' என்றால் அது காலி. எங்கள் ஆகஸ்ட் வித்தையும் அங்கே வந்திருக்கிறது. இனிமேல் மக்கள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் திருத்தம் மாநிலத்தின் எட்டு நாடாளுமன்றத் தொகுதியிலும் தனித்தனியே ஜெயிக்க வேண்டும் என்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு தொகுதி மறுத்தால் போச்சு.

நீ எப்படிப் போட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. (சொல்லிவிட்டேன் என்று நீ சிரிப்பாய்.) ஆனால் உன் பெயர் இன்னும் இந்த வீட்டு விலாசத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அக்டோபர் 7-க்குள் செயின்ட் லூயிஸுக்கு மாற்று, லைசென்ஸையும் சேர்த்து மாற்றிவிடு. அங்கே போட்டோ ஐடி கேட்பார்கள். மாதிரி வாக்குச்சீட்டு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. சரோஜா ஆன்ட்டியின் பையனும் கேன்சஸ் சிட்டியில், மிசூரிப் பக்கம்தான் இருக்கிறான். அவனுக்கும் அனுப்பு, அந்த அம்மா என்னை மறுபடி மடக்குவதற்குள்.

அம்மா