மாலி என்னும் பலர்: மகளுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க மகாலிங்கசுவாமியை வேண்டிக்கொள்கிறேன்.

உன் நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களையும் இசைத்தட்டுகளையும் மின்னாக்கம் செய்து பட்டியலிடும்போது, “மாலி” என்ற ஒரே தலைப்பின்கீழ்ப் புல்லாங்குழல் கச்சேரியும் கேலிச்சித்திரமும் ஆப்பிரிக்க நாட்டுச் செய்தியும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன என்றும், எது யாருடையது என்று பிரித்து எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயமாக இது எனக்குப் படவில்லை. ஒருவர் ஆயுள் முழுவதும் செய்த வேலை, பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்தால் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுவது அநியாயம். அதுவும் ஒரு நூலகத்தின் பட்டியலில் ஏறிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பெயர் நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு மலிந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்த திருவிடைமருதூரில் கோயில் கொண்டிருப்பவர் மகாலிங்கசுவாமி. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆண்பிள்ளை பிறந்தால் சுவாமியின் பெயரை வைப்பது வழக்கம். ஆனால் மகாலிங்கம் என்று முழுப்பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பேச்சில் அது மாலிங்கமாகி, வீட்டுக்குள் மாலியாகிவிடும். தெருவில் நின்று “மாலி” என்று குரல் கொடுத்தால் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து பதில் வரும் என்பதால், தச்சர் வீட்டு மாலி, மேலவீதி மாலி என்று ஏதாவது ஒரு அடையாளத்தை முன்னால் சேர்த்தே அழைப்பார்கள். ஊர்ப்பெயரிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது பார். மருதமரத்தைத் தலமரமாகக் கொண்ட மூன்று சிவத்தலங்களில் ஸ்ரீசைலத்தைத் தலைமருது என்றும், நம் ஊரை இடைமருது என்றும், தாமிரபரணிக் கரையில் இருப்பதைப் புடைமருது என்றும் பெரியவர்கள் பிரித்து வைத்தார்கள். நீ இப்போது செய்யப் போகும் வேலையும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இசைப்பதிவுகளில் வரும் மாலி திருவிடைமருதூர் ராமசாமி மகாலிங்கம். 1926ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்து, 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்தவர். மாமா ஜால்ரா கோபால ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டு, புல்லாங்குழலைத் தானாகவே பழகி, 1933இல் ஏழு வயதுச் சிறுவனாக மயிலாப்பூரில் முதல் கச்சேரி செய்தார். நம் கும்பகோணத்துச் சரப சாஸ்திரிகளும் அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்திய அந்த வாத்தியத்தில், வாய்ப்பாட்டுக்கே உரிய கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, அப்படியே எழுப்ப முடியும் என்று காட்டியவர் மாலி. துளைகளை விரல்கள் மூடித் திறக்கும் முறையையே மாற்றி அதைச் சாதித்தார். என். ரமணி முதலிய சீடர்கள் வழியாக அந்த முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. உன் தாத்தா இவரை “ஃப்ளூட் மாலி” என்றுதான் சொல்வார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: இவர் வயலினும் வாசித்தவர். எனவே ஏதாவது ஓர் ஒலிநாடாவில் “மாலி – வயலின்” என்று இருந்தால், அவசரப்பட்டு இன்னொரு மாலியை உண்டாக்கிவிட வேண்டாம். பலரை ஒருவராக்குவது எவ்வளவு தவறோ, ஒருவரைப் பலராக்குவதும் அவ்வளவு தவறு.

இவருடைய முழுப்பெயரை டி. ஆர். மகாலிங்கம் என்று பதியும்போது அடுத்த சிக்கல் எழும். திரைப்பட நடிகரும் பாடகருமான டி. ஆர். மகாலிங்கம் அதே காலத்தவர். அவர் சோழவந்தானை அடுத்த தென்கரைக்காரர். நாடகக் கம்பெனியில் வளர்ந்து, எஸ். ஜி. கிட்டப்பாவின் வழியில் உச்ச ஸ்தாயியில் பாடிப் புகழ்பெற்று, 1978இல் மறைந்தார். தலைப்பெழுத்தில் ஊரையும் தகப்பனார் பெயரையும் வைப்பது நம்மவர்கள் ஆளுக்கு ஆள் வேற்றுமை தெரிவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடே இங்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஒருவருக்குத் திருவிடைமருதூர், மற்றவருக்குத் தென்கரை. ஒருவருடைய தந்தை ராமசாமி, மற்றவருடைய தந்தை ராமகிருஷ்ணன். இரண்டையும் சுருக்கினால் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். பழைய இசைத்தட்டு உறைகளில் இந்தச் சுருக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும். குரலா குழலா என்று கேட்டுப் பார்க்காமல் உறையை மட்டும் நம்பிப் பதிவு செய்யாதே. நடிகரை யாரும் மாலி என்று சொல்வதில்லை என்பது உனக்கு உதவக்கூடிய ஒரு குறிப்பு.

இனி ஓவியர் மாலிக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே முக்கியமாக அவருக்காகத்தான். அவருடைய இயற்பெயரும் மகாலிங்கம்தான். எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி, கல்கி அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்று அந்த இதழ் தமிழ்நாடெங்கும் பரவிய 1930களில், அதன் பக்கங்களுக்கு முகம் கொடுத்தவர் இவர். தமிழ் இதழ்களில் கேலிச்சித்திரம் என்ற கலை வேரூன்றியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் பெரிய ஓவியர்களாக விளங்கிய சில்பியும் கோபுலுவும் இவரைக் குருவாகக் கொண்டவர்கள். சீனிவாசன் என்ற இளைஞரைச் சில்பி ஆக்கியதும், கோபாலன் என்ற இளைஞரைக் கோபுலு ஆக்கியதும் இவரே என்று சொல்வார்கள். சில்பி கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களைக் கோட்டோவியங்களாகத் தீட்டியதையும், கோபுலு தொடர்கதை மாந்தர்களுக்கு உயிர் கொடுத்ததையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுக்குப் பின்னால் நிற்கும் மாலியின் நினைவு வரும்.

இப்போது அபாயம் எங்கே இருக்கிறது என்று பார். ஓவியர் மாலி சங்கீத வித்துவான்களைக் கேலிச்சித்திரமாக வரைவதில் பேர் பெற்றவர். அதே விகடனில் கல்கி “கர்நாடகம்” என்ற புனைபெயரில் கச்சேரி விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே, ஒரு சங்கீதக் கட்டுரை, அதன் நடுவே ஒரு வித்துவானின் படம், படத்தின் ஓரத்தில் மாலி என்ற கையொப்பம் என்று ஒரு பக்கம் உன்முன் வரும்போது, பின்னணி அறியாத ஒருவர், ஏன், ஒரு கணினி நிரலும்கூட, இசை, மாலி என்ற இரண்டையும் சேர்த்துப் புல்லாங்குழல் மாலியின் பெயரில் அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிடுவது மிக எளிது. அப்படி நேராமல் காப்பது ஆண்டுதான். 1935இல் வெளிவந்த ஓர் இதழில் தேர்ந்த கோட்டில் ஒரு சித்திரம் இருந்தால், அந்த ஆண்டில் குழல் மாலிக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்காது என்ற கணக்கே போதும். சித்திரத்தின் கீழே இருக்கும் பெயர் வரைந்தவரைக் குறிக்கிறதா, வரையப்பட்டவரைக் குறிக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னாளைய இதழ்களில் “மாலி” என்பது படத்தில் குழலோடு இருப்பவரின் பெயராகவும் இருக்கக்கூடும்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குழல் மாலிக்கு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் எவரும் வேறொருவர் வாசித்தது என்று சொல்ல மாட்டார்கள். மாலி நாட்டுக்கு எல்லையும் கொடியும் இருக்கின்றன. ஓவியருக்கு இருப்பதோ படத்தின் மூலையில் உள்ள அந்தச் சிறிய கையொப்பம் ஒன்றுதான். அதையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் தாளில் அவருக்கென்று எதுவும் மிஞ்சாது. பெயர் ஒத்துப்போகும்போது அதிகப் புகழுடையவரே மற்றவரை விழுங்குகிறார். கணினியில் தேடினாலும் முதலில் வருவது நாடு, அடுத்து குழல் மேதை. ஓவியர் எங்கோ கீழே கிடப்பார். அவர் பக்கம் நின்று பேசுவதற்குப் பட்டியல் தயாரிக்கும் உன்னைப் போன்றவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நாட்டைப் பற்றிய செய்திகளைப் பிரிப்பது ஓரளவு எளிது. பிரெஞ்சு சூடான் என்ற பெயரில் இருந்த குடியேற்ற நாடு, செனகலோடு சேர்ந்து மாலிக் கூட்டமைப்பாக 1960 ஜூனில் விடுதலை பெற்றது. ஆகஸ்டில் செனகல் பிரிந்துபோன பிறகு, செப்டம்பர் 22 அன்று மாலிக் குடியரசு என்ற பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டது. ஆகவே அதற்கு முந்தைய இதழ்களில் அந்த நிலத்தைப் பற்றிய செய்தி “சூடான்” என்ற சொல்லின்கீழ் இருக்கலாம்; கார்ட்டூமைத் தலைநகராகக் கொண்ட சூடானோடு அதைக் கலந்துவிடாதே. குடியரசு ஏற்றுக்கொண்ட பெயரும் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் சுந்தியாத்தா கெய்ட்டா நிறுவிய பேரரசின் பெயர் அது. அந்த மரபில் வந்த மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரையின் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய தங்கத்தால் அங்கே பொன்னின் மதிப்பே சரிந்தது என்பது வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லும் செய்தி. பழைய பேரரசின் நிலம் இன்றைய செனகல், காம்பியா, கினி வரை பரந்திருந்ததால், பேரரசுக்கும் குடியரசுக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும் என்பது என் கருத்து. கானாவும் தன் எல்லைக்கு வெளியே இருந்த பழைய பேரரசு ஒன்றின் பெயரையே 1957இல் சூடிக்கொண்டது. அந்தத் தலைப்பையும் உன் சகாக்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே உன்னை மிகவும் குழப்பக்கூடியவர் 14ஆம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா. அவர் மாலத்தீவின் தலைநகரத் தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்தார். பின்பு நம் மதுரைக்கும் வந்து சுல்தானைக் கண்டார். பல ஆண்டுகள் கழித்து 1352இல் சகாரா பாலைவனத்தைக் கடந்து ஆப்பிரிக்க மாலிக்குப் போனார். மாலத்தீவின் தலைநகரைத் தமிழில் சிலர் மாலே என்றும் சிலர் மாலி என்றும் எழுதுகிறார்கள். ஆக, ஒரே பயணியைப் பற்றிய கட்டுரைகளில் கடலுக்கு நடுவே ஒரு மாலியும் பாலைவனத்துக்கு அப்பால் ஒரு மாலியும் வரும். தென்னையும் மீனும் பேசப்பட்டால் தீவு. நைஜர் ஆறு வந்தால் நாடு. அந்த ஆற்றில் அவர் நீர்யானைகளைக் கண்டு முதலில் யானைகள் என்றே எண்ணினார். அந்நாட்டின் பம்பாரா மொழியில் நீர்யானையின் பெயரும் மாலி என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் குழந்தைகளுக்காக ராமாயண பாரத பாகவதக் கதைகளை எழுதியவரும் ‘கர்ணசபதம்’ என்ற ஆட்டக்கதையை (கதகளிக்கான நாடகப் பாடலை) இயற்றியவருமான வி. மாதவன் நாயரின் புனைபெயர் மாலி. வால்மீகியின் உத்தரகாண்டத்தில் மாலியவான், சுமாலி, மாலி என்று மூன்று அரக்க சகோதரர்கள் வருகிறார்கள்; திருமாலின் சக்கரத்தால் மாண்டவன் மாலி, ராவணனுக்குத் தாய்வழிப் பாட்டன் சுமாலி. வடநாட்டில் மாலி என்றால் தோட்டக்காரர். இவர்களில் மாதவன் நாயரை மட்டும் ஓவியரோடு கலந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது, இருவரும் அச்சுலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால்.

பட்டியலில் நீ எப்படி எழுதலாம் என்று எனக்குத் தோன்றுவது இது. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த, மறைந்த ஆண்டுகளைப் போடுவது உங்கள் துறையின் வழக்கம் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். ஆனால் எல்லோருக்கும் ஆண்டுகள் உறுதியாகக் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் கற்பனையாக நிரப்புவதைவிட “ஓவியர், ஆனந்த விகடன்” என்று தொழிலையும் இதழையும் எழுதுவதே நேர்மையானது. ஊரைத் தலைப்பெழுத்துக்குள் சுருக்காமல் விரித்து எழுது. திருவிடைமருதூர் என்று முழுதாக ஒரு முறை எழுதிவிட்டால் தென்கரைக்காரர் தானாக விலகிவிடுவார். எந்த மாலி என்று துணிய முடியாத பக்கங்களை யாருக்கும் சேர்க்காமல் தனியே வைத்திரு. அறியாததை அறியாததாகவே விட்டு வைப்பதில் ஒரு நூலகத்துக்கு எந்தக் குறைவும் இல்லை.

முதலில் ஓவியர் மாலிக்குத் தனிப் பதிவு ஒன்றைத் தொடங்கிவிட்டு மற்றவர்களிடம் போ. கையொப்பம் தெளிவாகத் தெரியும் படங்களின் நகல்களை எனக்கு அனுப்பு. நம் வீட்டுப் பரணில் உன் தாத்தா கட்டி வைத்த பழைய விகடன் தொகுப்புகள் இருக்கின்றன; தைப்பூசம் கழிந்ததும் அவற்றை இறக்கி, மாலியின் படம் வந்த பக்கங்களை ஆண்டு, இதழ் வாரியாகக் குறித்து அனுப்புகிறேன். அங்கே உன்னிடம் இல்லாத இதழ்கள் எவை என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா