பறவை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன; வருகைதான் வழக்கம்போல் சுமார். ஆகவே நேராக இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

வெண்சிறகு வாத்து என்ன தின்கிறது, எப்போது தின்கிறது என்று படிப்பதாகச் சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். 2003-இல் அஸ்ஸாமின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டும், நம்மில் பாதிப் பேர் கேள்விப்படாத பறவை இது. ஆண் வாத்து 4 கிலோவை நெருங்கும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள், மரங்கள் மூடிய சிறு குட்டைகளையும் மெதுவாக ஓடும் ஓடைகளையும் நம்பி வாழ்கிறது. பகலில் பெரும்பாலும் மரக்கிளையில் ஓய்வு. இருட்டத் தொடங்கியதும்தான் சாப்பாட்டுக்குக் கிளம்பும். சில இடங்களில் காட்டை ஒட்டிய நெல் வயலுக்கும் போகும். விதை, நீர்த்தாவரம், நெல் இவற்றோடு நத்தை, பூச்சி, சிறு மீன் எதையும் விடாது.

அஸ்ஸாமில் உள்ள நமேரி தேசியப் பூங்காவுக்குப் போன நமது குழுவினர் காவலர் துணையோடு காட்டில் நடந்து, ஒரு இணையைப் பார்த்தார்கள். பார்த்தது சரி, ஆனால் அது தின்பதைப் பார்க்க முடியவில்லை. பூங்கா மூடும் நேரத்தில்தானே அதற்குப் பசிக்கிறது! நமது புகைப்படக் கண்காட்சியில் எல்லாப் படத்திலும் வாத்து சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். குறை சொன்னவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

குட்டையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்ற வாதம் கூட்டத்தில் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வாத்து கூடு வைப்பது முதிர்ந்த மரங்களின் பொந்தில். மரத்தை வெட்டிவிட்டுக் குட்டையில் நத்தையை மட்டும் விட்டுவைத்தால், அதைத் தின்ன வாத்து இருக்காது.

வரும் ஆண்டில் நமது கணக்கெடுப்புப் படிவத்தில் இரவு நேரத்துக்கென ஒரு பத்தி சேர்க்கவும், காலை நடையோடு அந்தி நேரக் கவனிப்பையும் தொடங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. டார்ச் அடித்துப் பறவையை விரட்டுவோருக்கு அனுமதி இல்லை. அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்