துப்பாக்கியை வாங்கி எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடும்ப வன்முறை வழக்குகளில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை உறுதி செய்ததையெல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் கட்டுரை நீதிபதியின் கையெழுத்தோடு முடிந்துவிட்டது, என் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நான் இங்கே ஒரு சின்ன ஷெரிஃப் அலுவலகத்தில் (கவுண்டி, அதாவது மாவட்டக் காவல் அலுவலகம்), பிடித்த பொருள்களையும் ஒப்படைத்த பொருள்களையும் வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியை ஒப்படைக்க வருகிறவரிடம் போனிலேயே சொல்லிவிடுவோம், கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வராதீர்கள், கார் டிக்கியிலேயே இருக்கட்டும் என்று. அதிகாரி ஒருவர் போய் எடுத்து வருவார். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்து, சுட முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கோத்து, சீரியல் நம்பரை எழுதி, ஏற்கெனவே இருக்கிற கீறலைக்கூட போட்டோ எடுத்து (எடுக்காவிட்டால் பிறகு அதை நாங்கள் போட்டதாகச் சொல்வார்கள்), அட்டை கட்டி, ரசீது கொடுக்க வேண்டும். அந்த ரசீதுதான் நீதிமன்றத்துக்குப் போகும். கலிஃபோர்னியாவில் உத்தரவு கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்து, 48 மணி நேரத்துக்குள் ரசீதைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவரிடம் ஒரு துப்பாக்கிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேட்டைக்குப் போகிற வீடு என்றால் பத்து, இருபது கூட வரும், தோட்டாவுக்குத் தனி இடம் வேண்டும்.

இது கொலை வழக்கில் பிடித்த சான்றுப்பொருள் மாதிரி இல்லை, இன்னமும் அவருடைய சொத்து. 2015இல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை இழந்தவர்கூட அது தன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பி வராதபடி இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று. ஆக உடைத்துப் போடவும் முடியாது, துருப்பிடிக்க விடவும் முடியாது. உத்தரவு ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், நீட்டித்தால் இன்னும் கொஞ்சம். உள்ளே வருவது தினமும், வெளியே போவது எப்போதாவது. எங்கள் அறை கவர்களுக்கும் சின்னப் பெட்டிகளுக்கும் கட்டியது, ரைஃபிள் அந்த அலமாரியில் நிற்காது. ஈரத்தை இழுக்கும் மெஷின் போன கோடையில் நின்றது, நின்றதுதான்.

இடம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? "உங்கள் தம்பியிடம் கொடுத்துவிட்டு எழுதி வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவோம். பல மாநிலங்களில் சட்டப்படி அதுவும் சரிதான். ஒரு நாள் ஒரு பெண் போன் செய்து, "அவருடைய துப்பாக்கி உங்களிடம்தானே இருக்கிறது?" என்று கேட்டார். ஃபைலைப் பார்த்தேன். எங்களிடம் இல்லை, இரண்டு தெரு தள்ளி அவருடைய தம்பி வீட்டில் இருந்தது. நான் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடிக்கிற கணவன் கைக்குத் துப்பாக்கி எட்டினால் மனைவி கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு கூடும் என்று 2003இலேயே ஆய்வில் சொல்லிவிட்டார்கள்.

சரி, செலவை அவரிடமே வசூலித்தால் என்ன என்று கேட்பீர்கள். சில இடங்களில் வசூலிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாதாமாதம் வாடகை என்றால் பன்னிரண்டு வைத்திருப்பவர் இரண்டைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மீதியை எப்போதோ விற்றுவிட்டேன் என்பார். பெண்டாட்டியை அடித்தவனுடைய துப்பாக்கிக்கு எங்கள் வரிப்பணத்தில் எண்ணெய் போடுவதா என்று என் பக்கத்து வீட்டுக்காரரே கேட்டார். எண்ணெய் அவனுக்காகப் போடவில்லை. கொண்டு வந்து கொடுக்காமல் இருக்க அவனுக்கு ஒரு சாக்கும் மிச்சம் இருக்கக் கூடாது, அதற்காகத்தான்.

1994இலிருந்தே மத்திய சட்டம் இப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. யார் போய் வாங்குவது, எங்கே வைப்பது என்பதை மாநிலங்கள் தலையில் விட்டுவிட்டது. 2022இல் வந்த சட்டம் ஆபத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் திட்டங்கள், சிறப்பு நீதிமன்றங்கள் என்று ஐந்து வருடத்துக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. நல்லதுதான். எங்கள் அறைக்கு அதில் ஒரு அலமாரிகூட வரவில்லை. நாலைந்து சின்னக் கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒரு பொதுவான குடோன், ஈரம் ஏறாத அறை, ஒரு ஆள் சம்பளம், இவ்வளவுதான் நான் கேட்பது. அந்த ஆளுக்கு வேலை நிறைய இருக்கும். திருப்பிக் கொடுக்கும் முன் உத்தரவு உண்மையிலேயே முடிந்ததா, நடுவில் வேறு வழக்கில் தண்டனை ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாநிலங்களில் அந்தப் பெண்ணுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது மாநில பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று உங்கள் கட்டுரையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு எங்களிடம் ஏழு ரைஃபிள்கள் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற அறையில் நிற்கின்றன. புதுப் பூட்டு போட்டிருக்கிறோம், பக்கெட் வராந்தாவில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அமெரிக்கா
(பெயர் போட வேண்டாம், இந்த வேலை எனக்கு வேண்டும்)