மகச்கலாவில் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு

ரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசுக் கல்வி அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் உங்கள் தலைநகர் மகச்கலாவில் யார் படிப்பார்கள் என்று நண்பர்கள் சிரிக்கலாம். சரி, சிரிக்கட்டும்.

உங்கள் சாரோதா மாவட்டத்து மலையில் ஆர்ச்சிப் என்ற ஊரும் அதைச் சேர்ந்த சில குக்கிராமங்களும் இருக்கின்றன. ஏறக்குறைய 1,200 பேர் அங்கே ஆர்ச்சி மொழி பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருப்பது அந்த வட்டாரத்தின் பெரிய மொழியான அவார்.

அவார் மீது எனக்குக் குறையில்லை. அக்கம்பக்கத்து ஊர்களோடு பழக அது வேண்டும். ஆர்ச்சிக்காரர்கள் அவாரும் இன்னோர் அண்டை மொழியான லாக்கும் காலங்காலமாகக் கற்றுக்கொண்டவர்கள்தான். ஆனால் ஆர்ச்சி அவாரின் வட்டார வழக்கு அல்லவே. அது லெஸ்கிக் என்ற வேறொரு மொழிக் கிளையைச் சேர்ந்தது. அதன் உறவு மொழிகள் தெற்கே தள்ளி இருக்கின்றன. 1926 சோவியத் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனியாக எண்ணப்பட்ட ஆர்ச்சி மக்களைப் பிறகு அவார் இனத்தாரோடு சேர்த்துவிட்டார்கள். பள்ளியும் அந்தக் கணக்கிலேயே நிற்கிறது.

எழுத்தில்லாத மொழியை எப்படிக் கற்பிப்பது என்று கேட்பீர்கள். மொழியியலாளர் அலெக்சாந்தர் கிப்ரிக் 1968இல் மாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்களோடு அந்த ஊருக்குப் போனார். 1977இல் ஆர்ச்சி இலக்கணம் பல தொகுதிகளாக வந்தது. ஒரே வினைச்சொல்லுக்குப் பதினைந்து லட்சத்துக்கும் மேல் வடிவங்கள் அமைய முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். (அந்த இலக்கணம் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளையின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.) அப்புறம் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களின் குரலோடு ஓர் அகராதியைத் தந்தார்கள். ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தின் அடிப்படையில் நெடுங்கணக்கும் அமைந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட மெய்யொலிகளுக்கு எழுத்துக் காண்பது லேசான வேலையா?

ஆகவே எழுத்தைக் காரணம் காட்ட இனி இடமில்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்துகூட வேண்டாம் என்பேன். நாளுக்கு ஒரு பாடவேளை ஆர்ச்சியில் கதையும் கணக்கும் நடந்தால் போதும். ஊர்க்காரர் ஒருவர் ஆசிரியராக இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

ஊருக்குள் இந்த மொழிக்கு இன்று ஆபத்தில்லை. பிழைப்புக்காக நகரத்துக்கு இறங்கும் குடும்பங்களில்தான் அது ஒரு தலைமுறையில் நழுவிப்போகும். மலையில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு நகரத்திலும் ஆர்ச்சி கைபேசிச் செய்தியிலாவது உடன் வரும்.

2018 ரஷ்யக் கல்விச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தாய்மொழிப் பாடம் பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த விருப்பத்தைக் கேட்கும்போது ஆர்ச்சியையும் ஒரு தேர்வாகக் கொடுங்கள். செப்டம்பர் 1இல் பள்ளி திறக்குமுன் செய்யக்கூடிய வேலைதான் இது.

இப்படிக்கு,
மொழிகள் மீது பிரியமுள்ள ஒரு தமிழ் வாசகர்