மகனின் விளையாட்டுப் பெட்டிக்குக் கைகொடுத்த உங்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கும் என் மகனுக்கு, வீட்டில் வைத்தே கேட்டல் பயிற்சி கொடுக்க நீங்கள் செய்த உதவியை ஊரறியச் சொல்ல வேண்டும்.

முதல் நன்றி பேச்சுச் சிகிச்சை மிஸ்ஸுக்கு. கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமானெல்லாம் சத்தத்தோடு லைற்றும் எரியும். பிள்ளை காதால் கேட்டுத் திரும்புகிறானா, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்புகிறானா என்றே தெரியாது. "சாமான் சும்மா இருக்கட்டும், நீங்க கதையுங்க" என்றார் மிஸ். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைப் பழக்கித் தந்தவரும் அவர்தான். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சில் வரும் ஒலிகளை இந்த ஆறும் தொட்டுவிடும். காலையில் கருவியைப் போட்டதும் சொல்லிப் பார்ப்போம். வழமையாகக் கேட்கிற ஒலி கேட்காவிட்டால் முதலில் பற்றரியைப் பார்ப்போம்.

ஆரையம்பதி ஓடாவியாருக்கு எப்படி நன்றி சொல்ல! ஒலி கேட்டதும் பெட்டிக்குள் போட மர மீன்கள் கேட்டேன். வாய்க்குள் போகாத அளவில் பெரிதாக வெட்டி, மூலையெல்லாம் தேய்த்து, ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகே தந்தார்.

மரத்தில் மரம் விழும் சத்தம் கருவி போட்ட காதுக்குப் பெரிய தொந்தரவு. மருதமுனை ராத்தா கைத்தறித் துண்டுகளை அடுக்கிப் பெட்டியின் அடியில் தைத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னொன்றும் செய்தார். உதட்டைப் பார்க்காமல் கேட்கப் பழக்க வேண்டும், ஆனால் கையால் வாயை மூடினால் 'ஸ்', 'ஷ்' எல்லாம் அடைபட்டுப் போகும். ராத்தா பூவேலை வளையத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டினார். துணிக்குப் பின்னால் தன் மகளைப் பேசவிட்டு, ஒலி மங்காத துணி எது என்று தேடித்தான் அதை எடுத்தார்.

பயிற்சி நேரத்தில் ரிவியை நிறுத்திவிடும் என் மாமிக்கும் நன்றி. பின்னேர நாடகம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வந்து, எங்கள் படலையடியில் கொஞ்சம் நின்று போகும் சூன் பாண் தம்பிக்கும் நன்றி. அந்தப் பாட்டுக் கேட்டதும் மகன் தன் மர ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

பெட்டி, மீன், வளையம் எல்லாவற்றின் அளவையும் எழுதி வைத்திருக்கிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டார் கேட்டால் தருவேன். எந்த ஒலியிலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் உங்கள் மிஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு அம்மா