செயலாளரின் ஆண்டறிக்கை: நம் பிள்ளைகளும் மருத்துவக் காப்பீடும்

சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையில் ஒரே விஷயத்தைத்தான் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முழுவதும் நம் உதவி மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், “திட்டம் இருக்கிறது என்கிறார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?” என்றுதான் கேட்டார்கள். அவர்களுடைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எந்தச் செலவுக்கு எந்தத் திட்டம் என்பதும் தெரியவில்லை.

முதலில் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். சம்பா அறுப்பு முடிந்து கை ஓய்ந்த பிறகுதான் நம்மால் கூடிப் பேச முடிகிறது. அதற்குள் மார்ச் வந்துவிடுகிறது. நிராமயாவின் காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. இடையில் எந்த மாதம் சேர்ந்தாலும் முடிவது அந்த மார்ச்சில்தான். டிசம்பரில் சேர்ந்துவிட்டு அடுத்த டிசம்பர் வரை செல்லும் என்று இருந்துவிடுகிறோம். மே மாதம் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதுதான் அட்டை காலாவதியானது தெரிகிறது.

1999-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே பொருந்தும். காது கேளாமை மட்டும் உள்ள பிள்ளைக்கோ, போலியோ போன்ற கால் பாதிப்பு மட்டும் உள்ள பிள்ளைக்கோ இது இல்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. வயது வரம்பு கிடையாது, சேரும் முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம் சேர 250 ரூபாய், புதுப்பிக்க 50 ரூபாய். மற்றவர்கள் சேர 500, புதுப்பிக்க 250. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேரலாம். இந்த 50 ரூபாயைக் கட்ட மறந்து 1 லட்சத்தை விடுவதுதான் ஆண்டுதோறும் எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

இதன் பெரிய பலம், வெளிநோயாளிச் செலவுக்கும் பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி போன்ற தொடர் சிகிச்சைக்கும் பணம் தருவது. எந்த மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளலாம், பட்டியல் கிடையாது. ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு ரசீது வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். அறுவை சிகிச்சை, வெளிநோயாளி, தெரபி, போக்குவரத்து என்று ஒவ்வொரு தலைப்புக்கும் தனி உச்சவரம்பு உண்டு. ஒன்றில் மிச்சமானதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது.

திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ரசீதில்தான் அடிபடுகின்றன. துண்டுச் சீட்டில் “தெரபி, ஜூன் மாதம்” என்று மொத்தமாக எழுதி வாங்கி வந்தால் நிற்காது. ஒவ்வொரு நாளின் தேதி, என்ன தெரபி, ஒரு முறைக்கு எவ்வளவு, தெரபிஸ்டின் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தெரபி தேவை என்று டாக்டர் எழுதிய சீட்டு ரசீதின் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். மெடிக்கலில் தரும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போகிறது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் அடித்து வையுங்கள். சிகிச்சை முடிந்த அல்லது வீடு திரும்பிய 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். மூன்று மாத ரசீதைச் சேர்த்து அனுப்பலாம் என்று வைத்திருந்தால் முதல் இரண்டு மாதம் கைவிட்டுப் போகும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு வேலைக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நாம் கையில் பணம் கட்ட வேண்டியதில்லை, மருத்துவமனைக்கே போய்விடும். பட்டியலில் உள்ள மருத்துவமனை, பட்டியலில் உள்ள சிகிச்சை என்ற இரண்டும் பொருந்த வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் அறுவை சிகிச்சைக்கு இது கைகொடுக்கும். வாரம் மூன்று நாள் போகும் பிசியோவுக்கோ மாதாமாதம் வாங்கும் வலிப்பு மாத்திரைக்கோ கைகொடுக்காது. இரண்டு அட்டையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கலந்து குழம்புகின்றன. படுத்து வைத்தியம் பார்க்க முதலமைச்சர் அட்டை, நடந்து போய்ப் பார்க்க நிராமயா என்று நினைவில் வையுங்கள்.

இதில் நடக்கும் தவறு குடும்ப அட்டையில் தொடங்குகிறது. பிள்ளை பிறக்கும் முன்பே காப்பீட்டு அட்டை எடுத்த வீடுகள் பல. பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்காமல் விட்டால் காப்பீட்டிலும் இருக்காது. முதலில் இ-சேவை மையத்தில் குடும்ப அட்டையில் பெயர் சேருங்கள். பிறகு விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு இதற்கு அலைந்தால் மருத்துவமனையின் முன் அனுமதி தாமதமாகும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். காதுக்குள் ஆபரேஷன் செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் திட்டத்தில் பிள்ளை 6 வயதுக்குள் இருக்க வேண்டும். “மாமா மகனும் தாமதமாகத்தான் பேசினான், பேசிவிடுவான்” என்று காத்திருக்கும் வயதே அந்த வயதுதான். பிறந்து 1 மாதத்துக்குள் கேட்டல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே டாக்டர்கள் சொல்லும் கணக்கு. கருவி பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வராவிட்டால் அந்த ஆபரேஷன் பாதிப் பலன்தான் தரும். காதுக் கருவி கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் காது வளர்ந்து, காதுத் துளையில் பொருந்தும் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். புது அச்சு எடுங்கள், சத்தத்தைக் குறைத்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் கருவி சீக்கிரம் கெடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். அறிவுசார் குறைபாட்டுக்குச் சிறு வயதில் தருவது தற்காலிகச் சான்றுதான். 5, 10, 18 வயதில் மறுமதிப்பீடு செய்து புதுப்பிக்க வேண்டும். சான்று காலாவதியானால் அதைப் பிடித்துத் தொங்கும் உதவித்தொகையும் நிற்கும். தேதி வருவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

பெயர்ப் பொருத்தம் நம் பக்கம் பெரும் தலைவலி. ஆதாரில் “கவின் எம்”, மருத்துவச் சான்றில் “எம். கவின்”, குடும்ப அட்டையில் வெறும் “கவின்” என்று இருந்தால் கணினிக்கு மூன்று பிள்ளைகள். பிறப்புச் சான்றில் உள்ளபடியே ஆதாரை முதலில் சரிசெய்து, அதைப் பார்த்து மற்றவற்றை எழுதுங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். விரல் மடங்கி இறுகிய பிள்ளைக்குக் கைரேகை பதியாது, சில மையங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அத்தகைய பிள்ளைக்கு விலக்கு முறையில் புகைப்படத்தோடு பதிவு செய்ய ஆதார் விதியிலேயே இடமிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள், வரிசையை விட்டு நகராதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிறது. அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலி போனால் கஷ்டம் என்பதால் சீட்டு வீட்டு மாடத்திலேயே இருந்துவிடுகிறது. உண்மையான தடை கூலிதான், எந்தக் காப்பீடும் அதைத் தருவதில்லை. ஆகவே ஒரே கிராமத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து அழைத்துப்போகும் முறையைத் தொடர்கிறோம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி கேட்டுப் பெறலாம்.

உபகரணங்கள். முகாமில் கிடைத்த ஸ்பிளிண்ட் (காலை நேராகத் தாங்கிப் பிடிக்கும் கட்டை) காலுக்குச் சேரவில்லை என்று மூலையில் கிடப்பதை வீடுதோறும் பார்க்கிறோம். போட்டு அரை மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். தோலில் சிவப்பு இருக்கும். 20 நிமிடத்தில் அது மறைந்தால் சரி. மறையாமல் அப்படியே நின்றால் அந்த இடம் அழுத்துகிறது, புண்ணாகும் முன் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். உள்ளே பருத்திக் காலுறை கட்டாயம். சக்கர நாற்காலிக்கு அளவு கொடுக்கும்போது இடுப்பின் அகலத்தோடு இரு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் மட்டும் கூட்டுங்கள். “வளரும் பிள்ளை, பெரிதாகவே வாங்குவோம்” என்று வாங்கினால் பிள்ளை ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்து முதுகெலும்பு வளையும். இருக்கையின் ஆழம் முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை முன்பே முடிய வேண்டும்.

மாத உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். வருவாய்த் துறை ஓய்வூதியத்தையும் சேர்த்து வாங்க முடியாது. சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. வேலை செய்யும் நிறுவனம் வழியாகவோ சொந்தமாகவோ தனியார் காப்பீடு எடுப்பவர்கள் பிள்ளையின் குறைபாட்டை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்த பாலிசி, பணம் கேட்கும் நாளில் செல்லாது.

மழைக்காலத்துக்கு இப்போதே ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரையோடு காகிதங்களும் போயின, மின்சாரம் வரப் பல நாளானது. யூடிஐடி, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரிலோ உறவினர் கைபேசியிலோ படமாக வையுங்கள். அக்டோபர் பிறந்ததும் வலிப்பு மருந்து ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். வேல்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரும் ஆபத்து உண்டு. மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது என்பதால் டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பிள்ளை 18 வயதை எட்டும் வீடுகள் கவனிக்க. அதுவரை தாய் தந்தையே இயல்பான காப்பாளர்கள். 18 ஆனதும் நிராமயாவில் வரும் அதே நான்கு வகைக் குறைபாடுகளுக்குச் சட்டப்படியான காப்பாளர் சான்று வேண்டும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, சான்று வழங்கும் முகாமில் எலும்பு, காது, மனநலம், குழந்தைகள் நலம் ஆகிய பிரிவு மருத்துவர்கள் ஒரே நாளில், ஒரே இடத்தில், வட்டார அளவில் அமர வேண்டும் என்று நான்கு மாவட்ட ஆட்சியர்களிடமும் மனு கொடுப்பது. ஒரு மருத்துவர் வராததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் முறை வருவது இனி கூடாது. இரண்டு, முதலமைச்சர் காப்பீட்டில் வெளிநோயாளி தெரபியையும் சேர்க்கக் கோரிச் சுகாதாரத் துறைக்குக் கையெழுத்துகளோடு விண்ணப்பிப்பது. கையெழுத்துத் தாள் துணைச் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே பிள்ளையின் குறைபாட்டு வகையையும் ஊரையும் எழுதுங்கள், யூடிஐடி எண்ணை எழுத வேண்டாம்.

செயலாளர்