உன் மஸ்தகித் தோட்டம்

அன்புள்ள மாரி,

பதில் போட நாளாகிவிட்டது. திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். கல்யாணப் பத்திரிகை வந்தது, கண்டிப்பாக வருவோம்.

நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்ற மரப்பிசினின் விலையைக் கேட்டுவிட்டு, "கன்று வாங்கி நம்ம தோட்டத்தில் வைத்தால் என்ன?" என்று எழுதியிருக்கிறாய். ஈமு கோழியில் பட்டது போதாதா உனக்கு?

கிரேக்கத்தின் கியோஸ் தீவில், அதுவும் தெற்கு மூலையில், 24 ஊர்களின் மக்கள் பார்க்கிற பிழைப்பு அது. மத்தியதரைக் கடலைச் சுற்றி அதே இனம் புதராக மண்டிக் கிடக்கிறது. விற்கிற அளவுக்குப் பிசின் வடிவது அந்த மூலையில்தான். நட்டு 5 வருடம் ஒன்றும் கிடையாது. வளர்ந்த மரமே வருடத்துக்குச் சுமார் 150 கிராம்தான் தரும். உன் ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்.

வேலையைக் கேள். ஜூனில் மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி, மட்டமாக்கி, சலித்த வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைத் தூவுவார்கள். விழும் பிசினில் சருகும் அழுக்கும் ஒட்டாமல் இருக்க அது. ஜூலை நடுவில் கீறல். 4, 5 மில்லிமீட்டர் ஆழம், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். பிசின் இருப்பது பட்டையில். கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குத்தான் காயம். அடிமரத்தில் தொடங்கி, வாரம் இரண்டு தடவையாக, ஐந்தாறு வாரத்தில் மெல்லக் கிளைக்கு ஏறுவார்கள். ஆசைப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் கீறினால் மரம் தளர்ந்துவிடும்.

சொட்டியது இறுக 15, 20 நாள் ஆகும். வெயில் ஏறினால் பிசின் இளகிவிடும் என்பதால் விடியற்காலையில் பொறுக்குவார்கள். அந்த இடைவெளியில் மழை விழுந்தால் எல்லாம் மண்ணோடு கலந்து பாழ். ஆவணி, புரட்டாசியில் அங்கே வானம் வறண்டு கிடக்கும். உன் ஊரில் அப்போதே இடிமழை தொடங்கிவிடுமே!

பொறுக்கியதும் முடிந்ததா? சலித்து, குளிர்ந்த சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சிறு கத்தியால் சுரண்டுவார்கள். குளிர்காலம் முழுக்க அதே வேலை. நீ உளுந்தில் கல் பொறுக்கின லட்சணம் எனக்குத் தெரியாதா?

இந்தப் பிசினுக்காகத்தான், அப்போது தீவை ஆண்ட இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் ஊர்களையே கோட்டையாகக் கட்டினார்கள். மெஸ்தா என்ற ஊரில் ஓரத்து வீடுகளின் பின்சுவரே மதில். திருடினால் காது, மூக்குப் போகும். 1566-இல் துருக்கியர் வந்த பிறகு நல்ல சரக்கு சுல்தான் அரண்மனைக்குப் போனது. 1822-இல் துருக்கியர் நடத்திய படுகொலையில் தீவின் மற்ற ஊர்கள் பட்ட பாட்டை இந்த மஸ்தகி ஊர்கள் அந்த அளவுக்குப் படாமல் தப்பியதும் பிசினால்தான். ஆனால் மரத்தை வளர்த்தவனுக்கு விலை கேட்க ஒரு வழி பிறந்தது 1938-இல், விவசாயிகள் சங்கம் வந்த பிறகுதான். அதைப் படித்தபோது நம் கரும்புக்காரர்கள் நினைவு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. ஆகஸ்ட் 2012 காட்டுத்தீயில் ஏராளமான மரங்கள் போயின. மறுபடி நட்டவன் பிசினைப் பார்க்க எத்தனை வருடம், சொல்!

பிர்கி ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் கோலம். கரிய மணல் கலந்த பூச்சு, மேலே வெள்ளை. அது ஈரமாக இருக்கும்போதே முள்கரண்டியால் சுரண்டிக் கட்டம் கட்டமாக எடுப்பார்கள். மெஸ்தாவில் ஈஸ்டர் நோன்பு தொடங்கும் திங்கட்கிழமை, ஒருவன் ஆகா என்ற துருக்கிய அதிகாரி வேஷம் போட்டு, கண்ணில் படுகிறவன் மேலெல்லாம் வேடிக்கைக் குற்றம் சுமத்தி அபராதம் வாங்குவான். உன்னை நிறுத்தினால் ஈமு வழக்கு ஒன்றே போதும்.

கன்று வேண்டாம். வாங்கி வைத்திருப்பது அசலா என்று மட்டும் பார். ஒரு துண்டை மெல்லு. முதலில் நொறுங்கும், லேசாகக் கசக்கும், பிறகு ஒன்றுசேர்ந்து வெண்மையான மெல்லும் கோந்தாக வர வேண்டும். கடைசிவரை மாவாகவே இருந்தால் அது சண்டராக் என்ற வேறொரு மரத்தின் பிசின். மிச்சத்தைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போ, பேச்சு அவர் பார்த்துக்கொள்வார்.

உன்,
சங்கரன்